நாற்பது வருஷத்து உலையும் ஐம்பது வருஷத்து மகளிர் குழுவும்



புதுப்பித்தல் என்ற சொல் நம்ம யாருக்கும் புதுசு இல்லை. காப்பீட்டைப் புதுப்பிக்கிறோம், கடை உரிமத்தைப் புதுப்பிக்கிறோம், அடகு வைத்த நகைக்கு வட்டி கட்டித் திருப்பி வைக்கிறோம். குழுவுக்கு அடுத்த சுற்று வங்கிக் கடன் கேட்கும்போது மேனேஜர் சும்மா கையெழுத்துப் போட்டுவிடுவதில்லை. தீர்மான நோட்டு எங்கே, வருகைப் பதிவு எங்கே, பழைய கடனை ஒழுங்காகக் கட்டினீங்களா, உள்கடன் எவ்வளவு நிலுவையில் இருக்கு என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறார். பன்னிரண்டு பேர் சேர்ந்து வாங்கும் சில லட்ச ரூபாய்க் கடனுக்கே இத்தனை கேள்வி. அப்படியிருக்க, நாற்பது வருஷம் ஓடிய ஒரு அணுமின் நிலையத்தின் உரிமத்தைப் புதுப்பிக்கும்போது எத்தனை கேள்வி கேட்க வேண்டும்? அந்தக் கேள்வியை யார் கேட்பது?

அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்துக் கடலோரத்தில் ஒரு பெண்கள் குழு ஐம்பது வருஷமாக அந்த வேலையைச் செய்துகொண்டு வருகிறது. அவர்கள் நம்மைப் போலச் சேமிப்புக் குழு இல்லை. பெரிய கட்சியோ பணக்கார அமைப்போ இல்லை. ஊர்ப் பெண்கள் கூடி, பேசி, காகிதம் படித்து, மனு எழுதி, தோற்று, மறுபடியும் மனு எழுதியவர்கள். பல தடவை தோற்றும் ஒரு குழு எப்படிக் கலையாமல் நின்றது என்பதைத் தெரிந்துகொள்வது நமக்கு உதவும் என்றுதான் அவர்களின் வரலாற்றை இந்த மலரில் எழுதுகிறோம்.

குழு பிறந்தது

கலிபோர்னியாவில் சான் லூயிஸ் ஒபிஸ்போ என்று ஒரு ஊர். 1969ஆம் ஆண்டு அந்த ஊர்ப் பெண்கள் சிலர் சேர்ந்து ஒரு குழுவைத் தொடங்கினார்கள். 'மதர்ஸ் ஃபார் பீஸ்' என்று பெயர் வைத்தார்கள். அமைதிக்கான அன்னையர் என்று தமிழில் சொல்லலாம். அப்போது வியட்நாமில் அமெரிக்கா போர் நடத்திக்கொண்டிருந்தது. அந்த ஊர்ப் பிள்ளைகளையும் பட்டாளத்துக்கு அழைத்துப் போனார்கள். போர் வேண்டாம் என்று சொல்லத்தான் அந்தக் குழு பிறந்தது. அணு உலை அப்போது அவர்கள் பேச்சிலேயே இல்லை.

ஆனால் அந்த ஊரிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தள்ளி, கடலோரத்தில், 1968இலேயே கட்டுமானம் தொடங்கிவிட்டது. பசிபிக் கேஸ் அண்ட் எலெக்ட்ரிக் என்ற தனியார் மின் நிறுவனம் இரண்டு அணு உலைகளைக் கட்டிக்கொண்டிருந்தது. இடத்தின் பெயர் டயாப்லோ கேன்யன். ஸ்பானிய மொழியில் டயாப்லோ என்றால் சாத்தான். சாத்தான் பள்ளத்தாக்கு என்று பெயர் உள்ள இடத்தில் போய் உலை வைக்கிறார்களே என்று ஊரில் கேலி பேசியிருப்பார்கள். ஆனால் பயப்பட வேண்டிய விஷயம் பெயரில் இல்லை, மண்ணுக்கு அடியில் இருந்தது.

கடலுக்கு அடியில் ஒரு பிளவு

கலிபோர்னியா நிலநடுக்க பூமி. தரைக்கு அடியில் பாறைகளில் நீளமான பிளவுகள் இருக்கின்றன. அந்தப் பிளவின் இரு பக்கமும் உள்ள பாறை திடீரென்று நகர்ந்தால் பூமி அதிரும். உலை கட்டத் தொடங்கும்போது, பக்கத்தில் பெரிய பிளவு எதுவும் இல்லை என்ற கணக்கில்தான் வரைபடம் போட்டார்கள்.

1971இல் எண்ணெய் தேடும் நிறுவனத்தில் வேலை பார்த்த ஹாஸ்கின்ஸ், கிரிஃபித்ஸ் என்ற இரண்டு நிலவியலாளர்கள், கடலுக்கு அடியில் ஒரு பெரிய பிளவு ஓடுகிறது என்று எழுதினார்கள். இருவர் பெயரையும் ஒட்டவைத்து அந்தப் பிளவுக்கு 'ஹாஸ்கிரி' என்று பெயர் வந்தது. அது உலையிலிருந்து சுமார் 5 கிலோமீட்டர் தூரத்தில் இருந்தது. அங்கே 7.5 அளவு வரைக்கும் நிலநடுக்கம் வரலாம் என்று அரசின் நிலவியல் துறை பின்னால் கணக்குச் சொன்னது. அதற்குள் பாதிக் கட்டடம் எழும்பிவிட்டது.

1973இல் அன்னையர் குழு இந்த விஷயத்தைக் கையில் எடுத்தது. அமெரிக்கச் சட்டப்படி ஒரு அணுமின் நிலையத்துக்கு இயங்க உரிமம் கொடுக்கும் முன் விசாரணை கேட்க வாய்ப்புக் கொடுக்க வேண்டும். அந்த விசாரணையில் ஊர் மக்கள் இடையீட்டு மனு போட்டு ஒரு தரப்பாகச் சேரலாம். சாட்சிகளைக் கேள்வி கேட்கலாம், ஆவணம் கேட்கலாம். அன்னையர் குழு அப்படி மனு போட்டுச் சேர்ந்தது. பெண்கள் வீட்டு மேசையில் பொறியியல் அறிக்கைகளை விரித்து வைத்துப் படித்தார்கள். புரியாததைப் படித்தவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். நம்ம குழுவிலும் கையெழுத்து மட்டும் போடத் தெரிந்து வந்தவர்கள் பேரேடு எழுதுகிற அளவுக்கு வளர்ந்தது இப்படித்தானே?

இந்த விசாரணையும் பிளவுக்காகச் செய்த மாற்றங்களும் சேர்ந்து உரிமம் பல வருஷம் தள்ளிப் போனது. பிளவைக் கணக்கில் எடுத்து உலையின் பல பாகங்களை மறுபடி பலப்படுத்த வேண்டி வந்தது.

ஊரே திரண்ட வருஷங்கள்

1979 மார்ச் 28 அன்று பென்சில்வேனியா மாநிலத்தில் த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் விபத்து நடந்தது. ஒரு உலையின் எரிபொருளில் பாதி உருகிப் போனது. அதுவரை ஒதுங்கி இருந்தவர்களும் பேசத் தொடங்கினார்கள். அந்த வருஷம் ஜூன் மாதக் கடைசியில் சான் லூயிஸ் ஒபிஸ்போவில் நடந்த கூட்டத்துக்குச் சுமார் 40,000 பேர் வந்தார்கள். மாநில ஆளுநர் ஜெர்ரி பிரௌன் மேடையேறி, உலையை எதிர்த்துப் பேசினார். அங்கே ஆளுநர் என்றால் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பவர், நம்ம முதலமைச்சர் மாதிரி.

1981 செப்டம்பரில் உலை வாசலை மறிக்கும் போராட்டம் நடந்தது. அபலோன் கூட்டணி என்ற அமைப்பு அதை நடத்தியது. அபலோன் என்பது அந்தக் கடலில் கிடைக்கும் ஒரு வகைச் சிப்பி. உலையின் குளிர்நீர்க் குழாய்களைச் சோதித்துப் பார்த்தபோது அந்தச் சிப்பிகள் ஆயிரக்கணக்கில் செத்தன. அதை நினைவில் வைத்துத்தான் அந்தப் பெயர். இரண்டு வாரத்தில் 1,900 பேர் அளவுக்குக் கைதானார்கள்.

மறியலால் உலை நிற்கவில்லை. அதே மாதம் நிறுவனத்திடம் முதற்கட்ட உரிமம் கொடுக்கப்பட்டுவிட்டது. ஆனால் மறியல் முடியும் சமயத்தில் நிறுவனத்தின் இளம் பொறியாளர் ஒருவர் ஒரு குளறுபடியைக் கண்டுபிடித்தார். இரண்டு உலைகளும் கண்ணாடியில் பார்ப்பது போல இடவலம் மாறி அமைந்தவை. ஒன்றுக்கு உரிய வரைபடத்தை இன்னொன்றுக்கு வைத்து நிலநடுக்கத் தாங்கிகளை அமைத்திருந்தார்கள். இடது கைக்கு உரிய வளையலை வலது கையில் போட்டால் பரவாயில்லை. நிலநடுக்கம் வந்தால் குழாயைப் பிடித்து நிறுத்த வேண்டிய தாங்கியில் அப்படிச் செய்ய முடியுமா? 1981 நவம்பரில் அந்த உரிமம் நிறுத்தி வைக்கப்பட்டது.

எத்தனையோ வருஷம் எத்தனையோ நிபுணர்கள் பார்த்து, சரி என்று சொன்ன விஷயம் அது. சரிபார்த்தாச்சு என்ற வார்த்தையை அப்படியே நம்பக் கூடாது என்று அன்னையர் குழு சொன்னதற்கு அதைவிடப் பெரிய சாட்சி தேவைப்படவில்லை.

தோற்ற பிறகு என்ன செய்தார்கள்?

குறைகளைச் சரிசெய்து, சோதித்து, கடைசியில் 1984 நவம்பர் 2 அன்று முதல் உலைக்கு முழு உரிமம் கிடைத்தது. 1985 ஆகஸ்டில் இரண்டாவது உலைக்கும் கிடைத்தது. கட்டி முடிக்க 550 கோடி டாலருக்கு மேல் செலவாகியிருந்தது. தொடக்கத்தில் சொன்ன தொகையைப் போலப் பல மடங்கு. அந்தச் செலவு பெரும்பாலும் மின் கட்டணமாக வீட்டுக்காரர்கள் தலையில்தான் வந்து விழுந்தது.

அன்னையர் குழு நீதிமன்றம் போனது. ஒரே நாளில் நிலநடுக்கமும் உலை விபத்தும் சேர்ந்து வந்தால் சாலைகள், பாலங்கள் உடைந்து கிடக்குமே, மக்களை எப்படி வெளியேற்றுவீர்கள் என்பது அவர்கள் கேள்வி. அந்தக் கேள்வியை விசாரணையில் எடுத்துக்கொள்ள அணு ஒழுங்குமுறை ஆணையம் மறுத்திருந்தது. 1986 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் ஒன்பது நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள். ஐந்து பேர் ஆணையத்தின் பக்கம், நான்கு பேர் அன்னையர் பக்கம். ஒரே ஒரு ஓட்டில் தோற்றார்கள். அதே மாதம் 26ஆம் தேதி சோவியத் நாட்டில் செர்னோபில் உலை வெடித்தது.

இந்த இடத்தில் எத்தனையோ போராட்டக் குழுக்கள் கலைந்து போயிருக்கின்றன. உலை ஓடத் தொடங்கிவிட்டது, இனி என்ன இருக்கு என்று வீட்டுக்குப் போயிருக்கலாம். இவர்கள் போகவில்லை. உலை ஓடினாலும் கண்காணிக்க ஆள் வேண்டும் என்று முடிவு செய்தார்கள். ஆணையத்தின் கூட்டங்களுக்குப் போனார்கள், அறிக்கைகளைப் படித்தார்கள். முதலில் சேர்ந்த பெண்களுக்கு வயதாகியது, பேரப்பிள்ளைகள் வந்தார்கள், புதியவர்கள் சேர்ந்தார்கள். வேலை மட்டும் தொடர்ந்தது.

அதற்குப் பலனும் கிடைத்தது. உலையில் எரிந்து முடிந்த யுரேனியக் கட்டைகள் பல ஆயிரம் வருஷத்துக்குக் கதிர்வீச்சு விடும். அவற்றை நிரந்தரமாகப் புதைக்க அமெரிக்காவில் இன்னும் ஒரு இடம் இல்லை. அதனால் உலை வளாகத்திலேயே வைக்கிறார்கள். 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு, அந்தக் கழிவுக் கிடங்கை யாராவது தாக்கினால் சுற்றுப்புறம் என்ன ஆகும் என்று ஆராய வேண்டும் என அன்னையர் குழு கேட்டது. ஆணையம் மறுத்தது. 2006 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அன்னையர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஆணையம் மறுபடி ஆராய்ந்து, பெரிய ஆபத்து இல்லை என்றே எழுதியது. கிடங்கும் வந்தது. ஆனால் கேள்வியைக் கேட்கவே கூடாது என்று சொன்ன ஆணையத்தை, பதில் எழுத வைத்தது ஒரு ஊர்ப் பெண்கள் குழு.

நாற்பது வருஷம் என்றால் என்ன கணக்கு?

இனி புதுப்பிக்கும் கதைக்கு வருவோம். அமெரிக்காவில் ஒரு அணு உலைக்கு முதலில் 40 வருஷத்துக்கு உரிமம் கொடுப்பார்கள். பிறகு 20 வருஷம், 20 வருஷமாகப் புதுப்பிக்கலாம். 40 வருஷம் ஆன அன்றே உலை கெட்டுப் போய்விடும் என்று அர்த்தம் இல்லை. அந்த எண்ணைச் சட்டத்தில் வைத்ததே முதலீட்டுக் கணக்குப் பார்த்துத்தான். இதை இரண்டு பக்கமும் ஒத்துக்கொள்ளும். ஆனால் உலைக்கு வயதாகிறது என்பதும் உண்மைதான்.

அது எப்படி என்பதை நம்ம குக்கரை வைத்தே சொல்லலாம். குக்கரில் கேஸ்கட் தேய்ந்தால் மாற்றுகிறோம், வெயிட் மாற்றுகிறோம், சேஃப்டி வால்வு மாற்றுகிறோம். பாத்திரத்தையே மாற்ற வேண்டும் என்றால் புது குக்கர்தான் வாங்க வேண்டும். அணு உலையிலும் பம்பு, குழாய், வால்வு எல்லாவற்றையும் மாற்றலாம். ஆனால் யுரேனியம் இருக்கிற அந்தப் பெரிய எஃகுக் கலத்தை மாற்றுவதில்லை. வருஷக்கணக்கில் நியூட்ரான்கள் அந்த எஃகின் மேல் மோதிக்கொண்டே இருக்கின்றன. அதனால் எஃகு கொஞ்சம் கொஞ்சமாக வளையும் தன்மையை இழந்து, உடையும் தன்மைக்கு மாறுகிறது. விபத்து நேரத்தில் சூடான கலத்துக்குள் குளிர்ந்த தண்ணீரை வேகமாகப் பாய்ச்ச வேண்டி வரும். கொதிக்கிற கண்ணாடி டம்ளரில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். கலம் அந்த அதிர்ச்சியைத் தாங்குமா என்பதுதான் வயதான உலையின் முதல் கேள்வி.

அதைச் சோதிக்க ஒரு வழி வைத்திருக்கிறார்கள். கலம் செய்த அதே எஃகின் சிறு துண்டுகளைத் தொடக்கத்திலேயே உள்ளே வைத்துவிடுவார்கள். அவ்வப்போது ஒன்றை வெளியே எடுத்து உடைத்துப் பார்ப்பார்கள். சோறு வெந்ததா என்று ஒரு பருக்கையை நசுக்கிப் பார்ப்பது போல.

மூடுவதற்கு ஒத்துக்கொண்டார்கள்

டயாப்லோவின் முதல் உலைக்கு 2024 நவம்பரிலும், இரண்டாவது உலைக்கு 2025 ஆகஸ்டிலும் உரிமம் முடிய வேண்டும். 2009 நவம்பரிலேயே நிறுவனம் 20 வருஷம் நீட்டிக்கக் கேட்டு விண்ணப்பித்தது. அதற்கு முந்தின வருஷம்தான் கடலோரத்தில் இன்னொரு பிளவு கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. இது உலையிலிருந்து ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. அதை முழுமையாக ஆராயாமல் புதுப்பிக்கக் கூடாது என்று அன்னையர் குழு எதிர்த்தது.

2011 மார்ச் 11 அன்று ஜப்பானில் பெரும் நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் வந்தன. ஃபுகுஷிமாவில் மூன்று உலைகள் உருகின. கடலோரம், நிலநடுக்கம், அணு உலை என்று அன்னையர் குழு 1973 முதல் சொல்லிக்கொண்டிருந்த மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்து வந்ததை உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது. நம்ம கடற்கரையில் இடிந்தகரைப் பெண்கள் கூடங்குளம் உலைக்கு எதிராகப் பந்தலில் உட்கார்ந்ததும் அதே வருஷம்தான். டயாப்லோவின் விண்ணப்பம் நிலநடுக்க ஆய்வுக்காகத் தள்ளி வைக்கப்பட்டது. 2013இல் கலிபோர்னியாவின் இன்னொரு நிலையமான சான் ஓனோஃப்ரே, நீராவிக் குழாய்கள் தேய்ந்து கசிந்ததால் மூடப்பட்டது. மாநிலத்தில் ஓடும் அணுமின் நிலையம் டயாப்லோ ஒன்றுதான் என்று ஆனது.

2016 ஜூனில் நிறுவனமே முன்வந்து, உரிமம் முடிந்ததும் மூடிவிடுகிறோம் என்றது. சுற்றுச்சூழல் அமைப்புகளும் தொழிற்சங்கமும் நிறுவனமும் சேர்ந்து ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். காற்றாலையும் சூரிய ஒளியும் பெருகிவிட்டதால் இவ்வளவு பெரிய உலை தேவைப்படாது என்பது நிறுவனத்தின் கணக்கு. 2018இல் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றது.

அந்த நிலையத்தில் சுமார் 1,500 பேர் வேலை செய்தார்கள். அவர்கள் குடும்பம் என்ன ஆகும்? வரி வருமானத்தை நம்பி நடக்கும் பள்ளிக்கூடங்கள் என்ன ஆகும்? உலையை மூடு என்று சொல்கிறவர்கள் இதற்கும் பதில் சொல்ல வேண்டும். 2018இல் மாநிலம் ஒரு சட்டம் போட்டு, தொழிலாளர்களைக் கடைசிவரை வேலையில் வைத்திருக்கவும் வேறு வேலைக்குப் பயிற்சி கொடுக்கவும் 35 கோடி டாலரும், ஊருக்கு எட்டரைக் கோடி டாலரும் ஒதுக்க வழி செய்தது. ஒரு ஆலையை மூடும்போது, எட்டு வருஷத்துக்கு முன்பே தேதி சொல்லி, தொழிலாளிக்கும் ஊருக்கும் பங்கு பிரித்து வைத்த ஏற்பாடு அது. நம்ம ஊர்களில் மூடிய மில்களையும் ஆலைகளையும் நினைத்துப் பார்த்தால் இதன் மதிப்புப் புரியும்.

மறுபடியும் முதலிலிருந்து

கதை அங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். 2020 ஆகஸ்டில் கடும் வெயிலில் கலிபோர்னியாவில் மின்வெட்டு வந்தது. டயாப்லோ மாநிலத்தின் மின்சாரத்தில் ஏறத்தாழ 9 சதவீதம் கொடுக்கிறது. அதை மூடினால் பற்றாக்குறை வரும், எரிவாயுவை அதிகம் எரிக்க வேண்டி வரும், புகையால் பூமி இன்னும் சூடாகும் என்று பலர் சொன்னார்கள். முன்பு உலையை எதிர்த்தவர்களில் சிலரும் மனம் மாறினார்கள். இந்த வாதத்தைச் சும்மா தள்ளிவிட முடியாது. வெயிலில் கரண்ட் இல்லாமல் குழந்தையை வைத்துக்கொண்டு தவிப்பது என்ன என்று நமக்குத் தெரியும்.

2022இல் ஆளுநர் கேவின் நியூசம் உலையை நீட்டிக்க வேண்டும் என்றார். சட்டமன்றக் கூட்டத்தொடரின் கடைசி நேரத்தில் மசோதா நிறைவேறியது. உலைகளை 2030 வரை ஓட்ட மாநிலம் அனுமதித்தது, நிறுவனத்துக்கு 140 கோடி டாலர் வரை கடன் கொடுக்கவும் ஒத்துக்கொண்டது. ஆறு வருஷத்துக்கு முன் பேசிப் போட்ட ஒப்பந்தம் சில வாரத்தில் மாறிப்போனது.

அன்னையர் குழு மறுபடி நோட்டைத் திறந்தது. மின்சாரம் தேவையா என்று கேட்டால் தேவைதான். ஆனால் மின்சாரம் தேவை என்பதற்காக உலையின் எஃகு தானாகப் பலமாகிவிடாது என்பது அவர்கள் வாதம். 2023 செப்டம்பரில் இன்னொரு அமைப்போடு சேர்ந்து ஒரு மனு போட்டார்கள். முதல் உலையின் கலம் உடையும் தன்மைக்கு மாறியிருக்கலாம், அதிலிருந்து எஃகுத் துண்டு எடுத்துச் சோதித்து இருபது வருஷம் ஆகிறது, சோதித்து முடிக்கும் வரை உலையை நிறுத்துங்கள் என்று கேட்டார்கள். ஆணையம் உடனே நிறுத்த மறுத்துவிட்டது.

அந்த நவம்பரில் நிறுவனம் 20 வருஷப் புதுப்பிப்புக்குப் புதிய விண்ணப்பம் கொடுத்தது. விதிப்படி பார்த்தால் உரிமம் முடிய ஐந்து வருஷத்துக்கு முன்பே கொடுத்திருக்க வேண்டிய விண்ணப்பம். ஆணையம் அதற்கு விலக்கு அளித்து, விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கும்வரை பழைய உரிமத்திலேயே ஓடலாம் என்றது. அதை எதிர்த்த வழக்கு 2024இல் தோற்றது. அந்த வருஷமே புதுப்பிப்பு விசாரணையில் சேரக் கேட்ட மனுவும் நிராகரிக்கப்பட்டது.

இங்கே ஒரு நுணுக்கத்தைக் கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் உரிமம் புதுப்பிக்கும் விசாரணைக்கு ஒரு எல்லை வைத்திருக்கிறார்கள். பாகங்கள் பழசாவதை எப்படிக் கவனிக்கிறீர்கள் என்று கேட்கலாம். நிலநடுக்கம் வந்தால் என்ன, மக்களை எப்படி வெளியேற்றுவீர்கள் என்ற கேள்விகள் அந்த விசாரணைக்குள் வராது. அவை தினமும் கவனிக்கிற விஷயங்கள், தனியாகப் பார்த்துக்கொள்கிறோம் என்பது ஆணையத்தின் நிலை. ஊர் மக்களுக்கு எந்தப் பயம் பெரியதோ அது விசாரணைக்கு வெளியே நிற்கிறது. புதுப்பித்தலை எதிர்க்கும் போராட்டம் பாதி இந்த எல்லையை எதிர்க்கும் போராட்டம்தான்.

நமக்கு இதில் என்ன இருக்கு?

டயாப்லோவின் முதல் உலை வணிக ரீதியாக ஓடத் தொடங்கியது 1985 மே மாதம். நம்ம கல்பாக்கத்தின் முதல் உலை தொடங்கியது 1984 ஜனவரியில். வயதில் நம்ம உலைதான் மூத்தது. இந்தியாவில் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை உரிமத்தைப் பார்த்து நீட்டிக்கிறது. அங்கே நாற்பது வருஷம் கழித்து முதல்முறை வருகிற புதுப்பித்தல் இங்கே ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை வருகிறது. ஆனால் கலிபோர்னியப் பெண்கள் 1973இல் செய்தது போல மனு போட்டு ஒரு தரப்பாக உட்கார்ந்து கேள்வி கேட்கும் விசாரணை நமக்கு இங்கே இல்லை. அணுமின்சாரம் வேண்டும் என்பவர்களும் வேண்டாம் என்பவர்களும் நம்ம குழுக்களில் இருக்கிறோம். கணவரோ பிள்ளையோ அங்கே வேலை பார்க்கும் சகோதரிகளும் இருக்கலாம். எந்தப் பக்கம் இருந்தாலும், வயதான உலை எப்படி இருக்கிறது என்று கேட்கும் உரிமை எல்லோருக்கும் வேண்டியது.

உலை பக்கத்தில் இல்லாத ஊரிலும் புதுப்பித்தல் நடக்கிறது. கல்குவாரி குத்தகை, சாயப்பட்டறை அனுமதி, ரசாயன ஆலையின் இசைவாணை எல்லாவற்றுக்கும் ஒரு முடிவுத் தேதி உண்டு. பெரும்பாலும் அந்தத் தேதி வந்து போனதே ஊருக்குத் தெரியாது. குழுக் கூட்டத்தில் மூன்று கேள்வியைத் தீர்மான நோட்டில் எழுதி வைக்கலாம். நம்ம ஊரில் எந்த அனுமதி எப்போது முடிகிறது? முதலில் கொடுத்தபோது போட்ட நிபந்தனைகள் என்ன, அவற்றைச் செய்தார்களா? மூடினால் அங்கே வேலை செய்கிறவர்களுக்கு என்ன ஏற்பாடு? பதில் தெரியாவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம், கிராம சபையில் கேட்கலாம், கருத்துக் கேட்புக் கூட்டம் என்று அறிவித்தால் பத்துப் பேராவது போய்ப் பேசலாம். ஒருத்தி தனியாகக் கேட்டால் போம்மா என்பார்கள். குழுவின் லெட்டர்பேடில், முத்திரை வைத்து, பன்னிரண்டு கையெழுத்தோடு போகிற மனுவை வாங்கி வைத்துத்தான் ஆக வேண்டும்.

அன்னையர் குழுவின் கணக்கைப் பார்த்தால் வெற்றி குறைவு, தோல்வி அதிகம். ஆனால் 1973க்குப் பிறகு அந்த உலையைப் பற்றி எடுத்த எந்தப் பெரிய முடிவும் அவர்களுக்குத் தெரியாமல் நடக்கவில்லை. மூத்தவர்கள் பார்வை மங்கியபோது இளையவர்கள் அந்த அறிக்கைகளைப் படித்தார்கள். இந்த வருஷம் நம்ம குழுவில் எழுதப் படிக்கத் தெரிந்த ஓர் இளம் உறுப்பினருக்காவது பழைய தீர்மான நோட்டுகளை எடுத்துக் கொடுத்து, முதல் பக்கத்திலிருந்து படிக்கச் சொல்லுங்கள்.